நீண்ட விமானப் பயணத்தில் சார்ஜ் தீராமல் சமாளிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டே கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பவர் பேங்க் விடுவார்களா, சீட்டில் பாயின்ட் இருக்குமா, லேப்டாப் தாங்குமா. திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சீட்டிலேயே சார்ஜ் பாயின்ட் இருக்குமே, அப்புறம் என்ன கவலை?

இருக்கும். வேலை செய்யுமா என்பதுதான் பிரச்சினை. ஒருமுறை பதினான்கு மணி நேரப் பயணம், போகிற வழியில் வேலையை முடித்துவிடலாம் என்று நம்பி லேப்டாப்பை முப்பது சதவீதத்தோடு எடுத்துக்கொண்டு ஏறினேன். எங்கள் வரிசையில் மூன்று சீட்டுக்கும் கரண்ட் இல்லை. பணியாளர் பாவம் இரண்டு தடவை ரீசெட் செய்து பார்த்தார், பச்சை விளக்கு எரியவே இல்லை. விமானம் நிரம்பி வழிந்ததால் இடம் மாறவும் வழியில்லை. அன்றிலிருந்து சீட்டில் கரண்ட் வந்தால் அதை லாபக் கணக்கில்தான் எழுதுகிறேன், நம்பி ஏறுவதில்லை.

டிக்கெட் போடும்போது நிறுவனத்தின் தளத்தில் எந்த விமானம், எந்த வகுப்பில் என்ன வசதி என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றிவிட்டால் அந்தத் தகவலுக்கு மதிப்பில்லை. மூன்று சீட்டுக்கு இரண்டு பாயின்ட் என்றுதான் பல விமானங்களில் இருக்கும், அதாவது நடு சீட்டுக்காரரோடு பேசிப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் பல நிறுவனங்கள் கரண்டை நிறுத்திவைப்பார்கள், அதனால் உட்கார்ந்தவுடன் மாட்டிப் பார்த்து “வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்ட வேண்டாம், விமானம் மேலே போய் நிதானமான பிறகு பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பணியாளரிடம் சீட் எண்ணைச் சொல்லி ரீசெட் செய்யச் சொல்லுங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பாயின்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே?

முன் சீட்டின் முதுகில், இரண்டு சீட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்தில், கைப்பிடிக்கு அடியில். இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். முதல் வரிசையில் முன் சீட்டே கிடையாது என்பதால் கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். இருட்டில் தேடி அடுத்தவர் காலைத் தொட்டுவிடாமல், விளக்கு எரியும்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

யூஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் மணிக்கணக்காகியும் சதவீதம் ஏறவே மாட்டேன் என்கிறதே?

பழைய விமானங்களில் திரைக்குக் கீழே இருக்கும் அந்த யூஎஸ்பி போர்ட் பெரும்பாலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். இப்போதைய போன் பேட்டரி 5,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 19 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மொத்த மின்சாரத்தின் அளவு). கணக்குப் போட்டால் போனைத் தொடாமல் வைத்தாலே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்களோ படமும் பார்த்துக்கொண்டே சார்ஜும் போடுகிறீர்கள், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி வந்ததெல்லாம் அப்படியே திரைக்குப் போய்விடுகிறது. தூங்கும்போது திரையை அணைத்துவிட்டு மாட்டுங்கள், நான்கைந்து மணி நேரத் தூக்கத்தில் பாதிக்குப் பக்கமாக ஏறியிருக்கும்.

புதிய விமானங்களில் யூஎஸ்பி-சி போர்ட் இருக்கும், அதில் 15 வாட்டுக்குக் குறையாமல் வரும், சிலவற்றில் 60 வாட் வரை தந்து லேப்டாப்பையே ஓட்டும். ஆகவே இரண்டு வகைக் கேபிளும் கையில் இருக்கட்டும். வீட்டில் எல்லாமே சி-டூ-சி ஆகிவிட்டதே என்று பழைய யூஎஸ்பி-ஏ கேபிளைத் தூக்கிப் போட்டவர்கள்தான் பழைய விமானத்தில் ஏறிவிட்டு விழிப்பவர்கள். சாதாரண பிளக் பாயின்ட்டும் இருந்தால், யூஎஸ்பி போர்ட்டை விட்டுவிட்டு உங்கள் சார்ஜரை அதில் மாட்டுங்கள், பல மடங்கு வேகம்.

லேப்டாப் சார்ஜரை மாட்டினால் கொஞ்ச நேரம் ஏறிவிட்டு பாயின்ட் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை, நீங்கள் கேட்கிற கரண்ட் அதிகம். விமானத்துக்குள் ஓடுவது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மின்சாரம், நம் வீட்டு 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இல்லை. அதை வாங்கி நம் சார்ஜருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் பெட்டி ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது (காலை நீட்டவிடாமல் இடிக்குமே, பல விமானங்களில் அது இந்தப் பெட்டிதான்). ஒரு பெட்டி பக்கத்துப் பக்கத்து சீட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும், அதற்கு ஒரு எல்லை உண்டு, பழைய அமைப்புகளில் ஒரு சீட்டுக்கு 75 வாட் அளவுதான். 100 வாட்டுக்கு மேல் இழுக்கும் விளையாட்டு லேப்டாப்பை அதில் மாட்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

வழி என்னவென்றால், லேப்டாப் யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும் ரகமாக இருந்தால் 30 அல்லது 45 வாட்டில் ஒரு சின்ன சார்ஜரைக் கொண்டுபோங்கள். மெதுவாக ஏறும், ஆனால் விடாமல் ஏறும். அந்த வசதி இல்லாத லேப்டாப் என்றால் அதை முழுக்க அணைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைத்து பேட்டரி சேமிப்பு முறையில் வையுங்கள். ஆஃப் ஆகிவிட்டால் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும். பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் லேப்டாப் அதிகமாக இழுக்கும், அதனால் ஐந்து சதவீதம் வரை காத்திருக்காமல் பாதி இருக்கும்போதே மாட்டிவிடுவது நல்லது.

பிளக் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்ய?

ஆயிரம் பேர் குத்திப் பிடுங்கிய பாயின்ட், பிடி தளர்ந்திருக்கும். கனமான சார்ஜரை நேராக அதில் தொங்கவிட்டால் நிற்காது, அதன் மேல் உலக அடாப்டர் வேறு மாட்டினால் கேட்கவே வேண்டாம். விமானப் பாயின்ட்டுகள் பெரும்பாலும் பல நாட்டு பிளக்கையும் ஏற்கும் விதமாகத்தான் இருக்கும், அதிலும் தட்டைக் கம்பி உள்ள அமெரிக்க பிளக் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறுக்கமாக உட்காருவதாக என் அனுபவம். சார்ஜரையும் பிளக்கையும் ஒரு சின்ன ஒயர் இணைக்கிற மாதிரி இருந்தால் கனம் பாயின்ட்டில் விழாது. கேபிள் ஒன்றரை, இரண்டு மீட்டர் இருக்கட்டும்.

எவ்வளவு பெரிய பவர் பேங்க் கொண்டுபோகலாம்?

உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அடிப்படை விதி இது: 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனம் அனுமதித்தால் இரண்டு வரை, 160-க்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. இது அடிப்படைதான், எத்தனை எடுத்துவரலாம் என்பதில் பல நிறுவனங்கள் இதைவிடக் கறாராக இருக்கின்றன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-ஹவருக்குள் என்று சொல்லிவிட்டது. ஆகவே டிக்கெட்டில் இருக்கும் நிறுவனத்தின் பக்கத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள், போன வருடம் போனபோது விட்டார்கள் என்பது கணக்கில் வராது.

உங்களுடையதில் எம்ஏஎச் மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37 வாட்-ஹவர், 20,000 என்றால் 74, 27,000 என்றால் 99.9. கடைகளில் 26,800, 27,000 என்று விசித்திரமான எண்களில் பவர் பேங்க் இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். 30,000 எடுத்தால் 111 ஆகிவிடும், சோதனையில் அதற்காக வாதாடுவது வீண் வேலை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கை எடுத்துப் போகாதீர்கள், எவ்வளவு என்று தெரியாத ஒன்றை அதிகாரி வாங்கிக் குப்பையில் போட்டுவிடலாம். சீனாவுக்குள்ளேயே விமானத்தில் பறப்பதாக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு: 2025 ஜூன் 28 முதல் அங்கே உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இல்லாத பவர் பேங்க்கை ஏற்றுவதில்லை. வெளிநாட்டில் வாங்கிய பலவற்றில் அந்த முத்திரை இருக்காது.

அதைப் பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிட்டால் என்ன?

கூடாது. தனி பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கையோடுதான். லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் ஆகிவிட்டால் சூடு சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும், ஒரு செல் பற்றினால் பக்கத்து செல்லும் பற்றும். கேபினுக்குள் நடந்தால் யாராவது பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள், அடியில் சரக்கறையில் நடந்தால் தெரியவே நேரமாகும். கேட்டில் இடமில்லை என்று கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்புவார்களே, அப்போதும் பவர் பேங்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் அதைத் தனிச் சின்னப் பையில் வையுங்கள். பேட்டரி உள்ள ஸ்மார்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் அந்த பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று முதலிலேயே பாருங்கள், கழற்ற முடியாவிட்டால் செக்-இன்னில் எடுக்க மாட்டார்கள்.

சரி, கையோடு கொண்டுபோகிறேன். விமானத்துக்குள் பயன்படுத்தலாமா?

இங்கேதான் 2025-இல் நிலைமை தலைகீழாக மாறியது. அந்த வருடம் ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தின் மேல் அலமாரியில் தீப்பிடித்து, கூரையே எரிந்துபோனது. 176 பேரும் சறுக்கு வழியாக இறங்கித் தப்பினார்கள். பவர் பேங்க் ஒன்றின் உள்ளே இன்சுலேஷன் பழுதானது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். தரையில் நின்றபோது நடந்ததால் பிழைத்தார்கள், கடல் மேல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லா நிறுவனங்களும் யோசிக்க ஆரம்பித்தன.

அதன் பிறகு வரிசையாக விதிகள் வந்தன. தென் கொரியாவில் மார்ச் 1 முதல் மேல் அலமாரியில் வைக்கக் கூடாது, கையிலோ சீட் பையிலோ இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் பவர் பேங்க்கிலிருந்து போனுக்கும் ஏற்றக் கூடாது, சீட் போர்ட்டிலிருந்து பவர் பேங்க்குக்கும் ஏற்றக் கூடாது என்றது. தாய் ஏர்வேஸ் அதற்கு முன்பே மார்ச்சில் தடை போட்டிருந்தது. எமிரேட்ஸிலும் பயன்படுத்த முடியாது. வேறு சிலர் பயன்படுத்தலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கோபப்படுகிறார்கள், “அப்புறம் எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு போக?” என்று. நியாயமான கேள்விதான். என் பதில்: பவர் பேங்க் இனிமேல் தரைக்கான பொருள். ட்ரான்சிட்டில், இறங்கிய பிறகு வண்டிக்குக் காத்திருக்கும்போது அது கை கொடுக்கும். வானத்தில் அது சும்மா உட்கார்ந்துவரும் ஒரு பயணி, அவ்வளவே. மறைத்துவைத்துப் போர்வைக்கு அடியில் பயன்படுத்தலாம் என்று தயவுசெய்து யாரும் ஐடியா கொடுக்க வேண்டாம், சூடு வெளியே போக வழியில்லாத இடத்தில்தான் பேட்டரிக்கு ஆபத்தே.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க், என் போன் 5,000. நான்கு தடவை ஏற வேண்டாமா? இரண்டரையோடு நின்றுவிடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே தருவது 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். அந்த மாற்றத்திலும், கேபிளிலும், போனுக்குள் ஏறும்போதும் சூடாகக் கொஞ்சம் கொஞ்சம் போய்விடும். எழுதியிருப்பதில் அறுபது, எழுபது சதவீதம் கைக்கு வந்தால் நல்ல பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயர்லெஸ்ஸில் வைத்து ஏற்றினால் இன்னும் வீணாகும்.

அப்படியானால் எதையும் நம்ப முடியாத பதினைந்து மணி நேரத்தை எப்படித்தான் ஓட்டுவது?

செலவைக் குறைத்துத்தான். கிளம்பும்போது எல்லாம் நூறு சதவீதம். இதில் சமரசமே வேண்டாம், விமான நிலையம் போகும் வண்டியிலும் சார்ஜில் போட்டே வையுங்கள். கதவு மூடுவதற்கு முன்பே ஏரோபிளேன் மோட். அதைப் போட மறந்து பையில் வைத்துவிட்டால் கிடைக்காத டவரைத் தேடித் தேடியே போன் களைத்துப்போய், நீங்கள் தொடாமலே பேட்டரி கரைந்திருக்கும். வைஃபை வாங்கவில்லை என்றால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அதிகமாகத் தின்பது திரை. கேபின் விளக்கை அணைத்த பிறகு பாதி வெளிச்சம்கூட அதிகம், கால் பங்கு தாராளம். படங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், இறக்கியதோடு விடாமல் ஏரோபிளேன் மோடில் ஒருமுறை திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள், காலாவதி ஆகிவிட்டது என்று சில செயலிகள் நடுவானில்தான் சொல்லும். படம் பார்க்க டேப்லெட், படிக்க இ-ரீடர் என்று பிரித்துக்கொண்டால் போன் முழுசாக மிஞ்சும். இ-ரீடர் வாரக்கணக்கில் தாங்கும், இந்த விஷயத்தில் அதை அடிக்க எதுவும் இல்லை. முன் சீட்டில் திரை இருந்தால் வெட்கப்படாமல் அதையே பாருங்கள், அதற்கு நீங்கள் சார்ஜ் போட வேண்டியதில்லை.

லேப்டாப்பில் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு ஒன்று. எழுதுவது, கணக்குப் போடுவது போன்ற வேலைக்கு நல்ல பேட்டரி பத்து மணி நேரம்கூடத் தாங்கும், வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். கனமான வேலையைத் தரையில் முடித்துவிட்டு, இலகுவான வேலையை வானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் போதுமா?

தலைக்கு மேல் மாட்டும் பெரிய ஹெட்போன் என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல் வரும், தாராளம். காதுக்குள் செருகும் சின்ன பட்ஸ் ஐந்தாறு மணி நேரம், அப்புறம் டப்பாவுக்குள் போட்டு எடுக்க வேண்டும். எதுவானாலும் ஒயர் வைத்த ஒரு இயர்போன் பையின் மூலையில் கிடக்கட்டும், சீட் திரைக்குப் பெரும்பாலும் அதுதான் ஒத்துவரும்.

நடுவில் மூன்று மணி நேரம் ட்ரான்சிட் இருக்கிறது. அது போதுமா?

போதும், அதுதான் உங்கள் உண்மையான சார்ஜ் நேரம். இறங்கியவுடன் கடை பார்க்கப் போகாமல் முதலில் அடுத்த கேட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மூன்று கேட் தள்ளி ஆள் இல்லாத இடத்தில் பாயின்ட் தேடுங்கள், உங்கள் கேட்டில் சுவர் ஓரமெல்லாம் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று போர்ட் உள்ள 65 வாட் கேன் (GaN, சின்ன அளவிலேயே அதிக வாட் தரும் ரகம்) சார்ஜர் ஒன்று இருந்தால் ஒரே பாயின்ட்டில் லேப்டாப், போன் இரண்டும் ஏறும். ட்ரான்சிட் நாட்டுக்கான பிளக் அடாப்டர் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டிக்குள் இருந்தால் அது அப்போது உங்களுக்கு இல்லை. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். போன், லேப்டாப் சார்ஜர்களில் இருக்கும்.

பொது யூஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் தகவல் திருடிவிடுவார்களாமே?

பயத்தின் அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் தவிர்ப்பது சுலபம். உங்கள் சொந்த சார்ஜரைச் சுவர் பாயின்ட்டில் மாட்டுங்கள். போர்ட்தான் கதி என்றால், “இந்தக் கருவியை நம்பலாமா” என்று போன் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சார்ஜ் தீர்ந்த லேப்டாப்போடு பாதுகாப்புச் சோதனைக்குப் போனால் ஏதாவது சிக்கலா?

ஆகலாம். 2014 ஜூலையில் அமெரிக்கா, தன் நாட்டுக்கு நேராக வரும் விமானங்களுக்காகச் சில வெளிநாட்டு விமான நிலையங்களில், ஆன் ஆகாத கருவியை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. எங்கேயும் எப்போதும் அதிகாரி “ஆன் செய்து காட்டு” என்று கேட்கலாம். காட்ட முடியாமல் நிற்கும் நிலைமை வேண்டாம்.

தூக்கத்தில் மூச்சுக்கு சிபாப் இயந்திரம் பயன்படுத்துகிறேன். சீட் கரண்ட் போதுமா?

அதை நம்பவே கூடாது. கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லி, இயந்திரத்தின் மாடலையும் பேட்டரியின் வாட்-ஹவரையும் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஈரப்பதம் தரும் பகுதியும் சூடாக்கும் குழாயும்தான் கரண்டைக் குடிப்பவை, மருத்துவர் சரி என்றால் அவை இல்லாமல் ஓட்டினால் பேட்டரி வெகு நேரம் வரும். கையில் கொண்டுபோகும் ஆக்சிஜன் கருவி என்றால், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்பார்கள். 12 மணி நேரப் பயணத்துக்கு 18 மணி நேர பேட்டரி. தாமதம், வட்டமடித்தல் எல்லாம் அதில் அடக்கம்.

போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டது. சீட்டைச் சாய்த்து எடுக்கலாமா?

சாய்க்கவே கூடாது! சீட்டின் இயந்திரப் பகுதியில் சிக்கி நசுங்கினால் அந்த இடத்திலேயே பேட்டரி புகையும். அப்படியே அசையாமல் எழுந்து நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு இது பழகிய வேலை. அதேபோல, கருவி ஏதாவது தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, உப்பினாலோ, ஒரு மாதிரி இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே உப்பியிருக்கும் பவர் பேங்க் என்றால் அது விமானம் ஏறக் கூடாது.

இறங்கும்போது எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும்?

போனில் நாற்பது சதவீதம். குடியேற்ற வரிசை, பெட்டி வரும் வரை நிற்பது, புதிய சிம் போடுவது, வண்டி கூப்பிடுவது, வழி பார்ப்பது என்று இரண்டு மூன்று மணி நேரம் போனை விடாமல் பயன்படுத்தப்போகிறீர்கள், கடைசிப் படத்தை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, கூப்பிட வேண்டிய ஒரு எண், அடுத்த விமானத்தின் எண் மூன்றையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் செருகிவையுங்கள்.